விலையா, ஆற்றலா, கைக்கருவியா?

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் மின்னணுக் கருவியைக் கன்சோல் என்று வழங்குகிறார்கள். விளையாட்டுச் சாமானைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஆயினும், மக்கள் ஒரு பொருளை எதற்காக வாங்குகிறார்கள் என்னும் பழைய கேள்விக்கு இந்தச் சந்தை தெளிவாகவே விடை சொல்லுகிறது. விலை குறைவு என்றா? ஆற்றல் மிகுதி என்றா? அன்றிக் கையில் பிடிக்கும் கருவி புதுமையானது என்றா?

2006-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்கக் கடைகளில் இக்கேள்வி நேரடியாகவே சோதனைக்கு வந்தது. 17-ஆம் தேதி சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் 3 கன்சோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு நாள் கழித்து நின்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' வந்தது. இரண்டும் ஜப்பானிய நிறுவனங்களே. ஆனால் அவை சென்ற வழிகள் வேறு வேறு.

சோனி ஆற்றலை நம்பியது. ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கிய செல் என்னும் செயலியையும், புளூ-ரே வட்டு இயக்கியையும் உள்ளே வைத்தது. விலையோ 499 டாலர், 599 டாலர் என இரு வகை. யானை விலை, குதிரை விலை என்று மக்கள் மலைத்தார்கள். அந்த விலைக்கு விற்றும் நிறுவனத்துக்கு நட்டமே கண்டது.

'வீ'யின் விலை 250 டாலர். அதன் படத்தில் உயர் தெளிவு இல்லை. ஆற்றலிலும் அது தன் முன்னோடியான கேம்கியூபைவிடப் பெரிதும் உயர்ந்ததன்று. ஆனால் அதன் கைக்கருவி, வீட்டில் எல்லோரும் அறிந்த தொலைக்காட்சி ரிமோட்டைப்போல இருந்தது. அசைவை உணரும் பொறி அதனுள் இருந்தது. டென்னிஸ் மட்டையை வீசுவதுபோல் கையை வீசினால், திரையில் பந்து பறந்தது. அதுவரை இருந்த கைக்கருவிகளில் பத்துக்கு மேற்பட்ட பொத்தான்களும் இரண்டு சிறு கோல்களும் இருந்தன. அத்தகைய ஒன்றை வாங்கிப் பார்த்து, எந்த விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். விளையாட்டின் வாயிலிலேயே நின்றுவிட்ட இத்தகையோரையும் உள்ளே அழைப்பதே நின்டெண்டோவின் தலைவர் சதோரு இவாதாவின் நோக்கம். 'வீ' மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்றது. பிளேஸ்டேஷன் 3 ஏறத்தாழ 8 கோடியே 70 இலட்சத்தோடு நின்றது. அதுவும் 2009-இல் விலையை 299 டாலராகக் குறைத்த பின்னரே விற்பனை நிமிர்ந்தது.

அப்படியானால் விலைதான் வென்றதோ? அன்று. 2001-இல் வந்த கேம்கியூபின் விலை 199 டாலர்தான். தன் காலத்துப் போட்டியாளரான பிளேஸ்டேஷன் 2-க்கு அது ஆற்றலிலும் சளைத்ததன்று. இருந்தும் 2 கோடியே 17 இலட்சம்தான் விற்றது. பிளேஸ்டேஷன் 2-ஓ 15 கோடியைத் தாண்டியது. அதில் டி.வி.டி. திரைப்படமும் பார்க்கலாம், பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளையும் ஆடலாம். மலிவும் ஆற்றலும் ஒருங்கே இருந்தும் ஒரு கன்சோல் தோற்கக்கூடும் என்பதற்குக் கேம்கியூபே சான்று.

புதுமைதான் வென்றது என்று சொல்லவும் வழியில்லை. 2012-இல் அதே நின்டெண்டோ, திரை பதித்த கைக்கருவியோடு 'வீ யூ' என்னும் கன்சோலை வெளியிட்டது. அந்தத் திரை எதற்கு என்று பலருக்கு விளங்கவில்லை. பழைய 'வீ'க்கு ஒரு துணைக்கருவி என்றே சிலர் எண்ணினர். ஒரு கோடியே 36 இலட்சத்துக்கும் குறையவே விற்றது. மைக்ரோசாப்ட் நிறுவனமோ, உடலசைவைக் காமிராவால் உணரும் கினெக்டை 2013-இல் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலோடு கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு விற்றது. போட்டியான பிளேஸ்டேஷன் 4-இன் விலை 399 டாலர். மறு ஆண்டே கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸை அதே 399 டாலருக்குக் கொண்டுவர நேர்ந்தது.

புதுமை அழைத்து வந்தவர்கள் என்றும் தங்குவார்கள் என்பதும் உறுதியன்று. 2009 மார்ச்சோடு முடிந்த ஓராண்டில் 'வீ' 2 கோடியே 59 இலட்சம் விற்றது. மூன்று ஆண்டுகளில் அது 98 இலட்சமாக இறங்கியது.

எனவே நான் காணும் முடிவு இது. விலை ஒருவரைக் கடைக்குள் வரச் செய்யும். ஆற்றல் முன்பே விளையாடுவோரை மகிழ்விக்கும். புதிய கைக்கருவியோ, இது நமக்கன்று என்று ஒதுங்கியவரை அழைக்கும்; ஆனால் அது எதற்கு என்பது பார்த்தவுடன் விளங்க வேண்டும், அதற்கென விலை ஏறவும் கூடாது. 2017-இல் 300 டாலருக்கு வந்த 'ஸ்விட்ச்' ஆற்றலில் பிளேஸ்டேஷன் 4-க்குப் பின்தங்கியதே. ஆயினும் வீட்டில் தொலைக்காட்சியிலும், வெளியே கையிலும் ஆடலாம் என்பது குழந்தைக்கும் விளங்கிற்று. அது 15 கோடிக்கு மேல் விற்றது. எவ்வளவு ஆற்றல் என்று கேட்குமுன், யாருக்காக என்று கேட்பவனே நல்ல வணிகன். விளையாட்டுச் சாமானுக்கு மட்டும் உரிய பாடமன்று இது.