முந்தியது பிந்தித் தோன்றும் விந்தை

ஐதராபாத்தில் வாழும் தமிழன்பர் ஏ.எஸ்.ராவ் நகரை அறிவர். 1967-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகத்தை உருவாக்கிய அறிஞர் அய்யகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயரைத் தாங்கியது அப்பகுதி. 1969-இல் டி.டி.சி.12 என்னும் கணிப்பொறியை அளித்தது அக்கழகம். கணிப்பொறிப் பணியை வாழ்வாகக் கொண்டு அங்கும் பிற ஊர்களிலும் குடியேறியுள்ள நம்மவர்க்கு உதவக்கூடிய நுட்பம் ஒன்றை இன்று கூற விழைகிறேன்.

ஊருக்கு எழுதிய கடிதம் தபால் பெட்டியிலேயே கிடக்க, மறுநாள் தொலைபேசியில் சொன்ன செய்தி முந்திச் சென்றுவிடுகிறதன்றோ? கணிப்பொறியிலும் இது நிகழ்கின்றது. பைதான் மொழியில் எழுதிய நிரல், தன் வரிகளை 'பஃபர்' என்னும் தேக்கிடத்தில் சேர்த்து வைக்கும். திரைக்கு எழுதும்போது வரிக்கு வரி வெளியிடும். கோப்புக்கு எழுதினாலோ, பல்லாயிரம் எழுத்துகள் நிரம்பும்வரை, அல்லது நிரல் முடியும்வரை, தேக்கியே வைக்கும். அது ஏவும் வெளிக்கட்டளையோ தனிப்பட்ட செயலி. அதன் தேக்கிடமும் வேறு. அது தன் வேலை முடிந்தவுடன் சொல்ல வேண்டியதைக் கோப்பில் எழுதிவிடும்.

இதனால் விளையும் கேட்டைப் பாருங்கள். ஒரு நிரல் 'சம்பளக் கோப்பு' என்று தலைப்பிட்டு, நகலெடுக்கும் கட்டளையை ஏவுகிறது. 'வட்டில் இடமில்லை' என்கிறது கட்டளை. அடுத்து 'வருகைக் கோப்பு' என்று தலைப்பிட்டு மீண்டும் ஏவுகிறது. அச்சிறு கோப்புக்கு 'நிறைவு' என்ற விடை வருகிறது. ஆனால் பதிவேட்டிலோ 'இடமில்லை', 'நிறைவு' என்னும் விடைகள் முன்னும், தலைப்புகள் இரண்டும் பின்னுமாக நிற்கும். 'நிறைவு' என்பதை அடுத்துச் 'சம்பளக் கோப்பு' என்றிருப்பதைக் கண்டவர், நகல் கிடைத்ததென்று நம்பிப் பழைய கோப்பை அழித்துவிட்டால் என்னாவது? திரையில் சோதித்தபோது யாவும் முறையாகவே தோன்றியிருக்கும். இரவில் தானே இயங்கும்போதுதான் வரிசை பிறழும். நிரல் வலிந்து நிறுத்தப்பட்டாலோ, தேங்கிய வரிகள் அறவே தொலைந்துபோதலும் உண்டு.

பரிகாரம் எளிது. வெளிக்கட்டளையை ஏவுமுன் 'ஃப்ளஷ்' என்னும் ஆணையால் தேக்கிடத்தைத் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அவ்வாறு செய்தால், பேரளவில் எழுதும் நிரலின் வேகம் குன்றும். ஆதலின் பிறரை ஏவும் இடங்களிலே செய்தல் போதும். பிறரிடம் பணியை ஒப்படைக்குமுன் நம் சொல்லை முடித்துவிடுதல் நிரலுக்கும் நல்லொழுக்கமே.