நான்கு சார்புகளில் முளைத்த பெரணி

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டிப் பிரிஞ்சாங் சிகரத்துக்கு ஏறினால் பாசிக்காடு வரும். அங்கே பெரணிகளுக்குப் பஞ்சமில்லை. ஓர் இலையைக் குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு சிற்றிலையும் முழு இலையின் குட்டி நகல், அதன் கிளையிலும் ஏறக்குறைய அதே வடிவம். கீழே தோட்டத்துத் தேயிலைக்கு இந்த வித்தை தெரியாது, பாவம்.

இதைக் கணினியில் முளைக்க வைத்தவர் கணிதவியலாளர் மைக்கேல் பார்ன்ஸ்லி. 1988இல் வெளிவந்த அவருடைய நூலில் செய்முறை இருக்கிறது. தேவை நான்கே சார்புகள், அதாவது ஒரு புள்ளியைக் கொடுத்தால் இன்னொரு புள்ளியைத் தரும் கணித விதிகள். ஒரு புள்ளியை எடுத்து, குலுக்கலில் விழுந்த சார்பில் போட வேண்டும். கிடைக்கும் புள்ளியை மறுபடி குலுக்கி இன்னொன்றில். 100க்கு 85 முறை வருவது, உருவத்தைச் சற்றே சுருக்கி, லேசாகத் திருப்பி, மேலே தள்ளும் சார்பு. இடப்பக்கச் சிற்றிலைக்கு 7, வலப்பக்கத்துக்கு 7. காம்புக்கு 1 போதும்.

முதல் நூறு புள்ளிகள் வெறும் தூசி.

பல்லாயிரம் ஆனதும் திரையில் பெரணி நிமிர்ந்து நிற்கும். குலுக்கல் எப்படி விழுந்தாலும் அதே பெரணிதான் வரும் என்பதுதான் வேடிக்கை! நான்கு சார்புகளுக்கும் சேர்த்து மொத்தம் 24 எண்கள். அவற்றில் சிலவற்றை மாற்றினால், வேறு சாயலில் இன்னொரு பெரணி.