பின்வரிசையில் ஒரு குரல்

(திண்டுக்கல் பேகம்பூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"543 பேர் அமரும் மக்களவையில் நம்மவர் ஒருவரோ இருவரோ போய் என்ன சாதித்துவிடப் போகிறார்கள்?" கடைவீதியில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. வரலாறே பதில் சொல்லட்டும்.

1952இல் சையத் முஹம்மத் அஹ்மத் காஸ்மி என்ற உறுப்பினர், வக்ஃபு சொத்துக்களைக் காக்க மசோதா கொண்டு வந்தார். அவர் அமைச்சர் அல்லர். ஆயினும் 1954இல் அது சட்டமாயிற்று. சுதந்திர இந்தியாவில் சட்டமான முதல் தனிநபர் மசோதா அதுவே! அதுமுதல் இன்றுவரை அப்படி நிறைவேறியவை 14 மட்டுமே. 1970க்குப் பின் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் பின்வரிசை உறுப்பினரின் வேலை வீண்தானா? இல்லை.

நமக்குப் பக்கத்துத் தொகுதியைப் பாருங்கள். 1971இல் பெரியகுளத்தில் வென்றவர் முஸ்லிம் லீகின் எஸ்.எம். முஹம்மது ஷெரீப் சாஹிப். 1974 ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஷெரீப் சாஹிபும் ஒருவர். பெரியகுளத்தில் கடல் ஏது? ஆனால் அதற்கு முந்தைய அவையில் அவர் ராமநாதபுரத்தின் உறுப்பினர். மீனவரின் துயரம் அவருக்கு அந்நியமல்ல. ஒப்பந்தத்தை அந்தக் குரல் தடுக்கவில்லை. ஆனால் அவைக்குறிப்பில் நிலைத்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் கச்சத்தீவுப் பேச்சு எழும்போதெல்லாம் அந்த நாளின் குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள்.

சட்டம் இயற்றுவது அரிது. கேள்வி கேட்பது எளிது. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்து மூலப் பதிலுக்கு 230 கேள்விகள் பட்டியலாகின்றன. பட்டியலில் ஏறிவிட்டால் அமைச்சர் பதில் தந்தே ஆக வேண்டும். 15 நாள் முன்னறிவிப்புப் போதும்.

வணிகப் பெருமக்களே! திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் பட்டறைக்காரருக்கு என்ன பயன் வந்தது? தோல் பதனிடும் தொழிலும் நிற்கக் கூடாது, விவசாயியின் கிணறும் கெடக் கூடாது; அதற்கு மத்திய அரசு என்ன செய்கிறது? இவை டெல்லியில் கேட்க வேண்டிய கேள்விகள் அல்லவா?

உறுப்பினரை நிக்காஹுக்கு அழைக்கிறோம். கடை திறப்புக்கு அழைக்கிறோம். தேதி, எண், கணக்கோடு ஒரு தாள் எழுதிக் கொடுத்தவர் நம்மில் எத்தனை பேர்? கையில் ஆதாரம் இல்லாதவர் அவையில் எதைப் பேசுவார்?

இளைஞர்களே! அவர் எந்தக் கட்சியினராயினும் சரி, நம் உறுப்பினர் கேட்ட கேள்விகளும் பெற்ற பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன. படியுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு முன் ஊரின் குறைகளை எழுதி அவர் கையில் சேருங்கள். மாலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.