கரண்ட் வைத்தால் வலி போகுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் குழுக்களுக்கு வரும்போது தீர்மான நோட்டைப் பார்ப்பது வழக்கம். உள்கடன் எதற்கு என்ற இடத்தில் விதைக்கு, ஆட்டுக்கு, பிள்ளை படிப்புக்கு என்று எழுதியிருக்கும். இப்போது "இடுப்புக்குக் கரண்ட் வைக்க" என்றும் எழுதியிருக்கிறது. இதைப் பற்றிக் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. "எனக்கு நல்லாக் கேட்டுச்சு, நீயும் போ" என்கிறார் ஒரு அக்கா. "அதெல்லாம் காசு பிடுங்குற வேலை" என்கிறார் இன்னொரு அக்கா. கடன் வாங்கிச் செய்கிற காரியம் என்பதால் இதை நாம் பேசித் தெளிவாக வேண்டும்.

முதலில் ஒன்று. நாம் எல்லாவற்றையும் "கரண்ட்" என்கிறோம். ஆனால் அங்கே பல மெஷின் உண்டு. தோலில் பட்டை ஒட்டிச் சுறுசுறுவென்று லேசான மின்சாரம் விடுவது டென்ஸ். நாலு பட்டை வைத்து இன்னும் ஆழமாகப் போக விடுவது ஐ.எஃப்.டி. ஜெல் தடவித் தேய்ப்பது அல்ட்ராசவுண்ட். அது ஒலி அலை.

மின்சாரத்தை வலிக்கு வைப்பது புதுசு இல்லை. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமாபுரி வைத்தியர், ஷாக் அடிக்கிற மீனைத் தலைவலிக்கும் கால் வலிக்கும் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். அது எப்படி வேலை செய்யலாம் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு விளக்கம் சொன்னார்கள். பிள்ளை கீழே விழுந்தால் நாம் உடனே அந்த இடத்தைத் தேய்த்து விடுகிறோம், பிள்ளை அழுகையை நிறுத்துகிறது. தேய்க்கிற உணர்ச்சி முதுகுத்தண்டுக்குப் போய், வலிச் செய்தி மூளைக்குப் போகிற கதவைக் கொஞ்சம் சாத்துகிறது. டென்ஸ் மின்சாரமும் அதே மாதிரி கதவைச் சாத்துகிறது என்பதுதான் கணக்கு.

அப்புறம் எதற்கு வாதம்? இரண்டு பக்கமும் கையில் ஆதாரம் வைத்திருக்கிறார்கள். 2022-இல் 381 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அறிக்கை, டென்ஸ் வைத்திருக்கும்போதும் எடுத்த உடனேயும் வலி குறைகிறது என்றது. ஆகவே "கேட்டுச்சு" என்று சொன்ன அக்கா பொய் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கம் சொல்வது, அந்த நேரத்துக் குறைவு போதாது, மாதம் கழித்து நடக்க, குனிய, வேலை செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது. பிரிட்டனின் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் நிறுவனம், இடுப்பு வலிக்கு டென்ஸ், ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட் தர வேண்டாம் என்று 2016-இல் சொன்னது. மூட்டுத் தேய்மானத்துக்கும் இதே மாதிரி 2022-இல் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு டென்ஸும் அல்ட்ராசவுண்டும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று 2023 டிசம்பரில் சொன்னது. இவர்கள் எல்லோரும் செய்யச் சொன்னது உடற்பயிற்சி.

எலும்பு முறிவுக்கும் இந்தக் கதைதான். எலும்பை அழுத்தினால் அதில் சிறு மின்சாரம் பிறக்கிறது என்று 1957-இல் ஜப்பானில் ஃபுகாடா, யசுதா கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து எலும்பு கூட வைக்க மின்சார மெஷின்கள் வந்தன. ஒலி அலை மெஷினும் வந்தது. முன்னங்கால் எலும்பு முறிந்த 501 பேரிடம் அந்த ஒலி அலையைச் சோதித்து 2016-இல் முடிவு வந்தது: வைத்தவர்களுக்கும், பெயருக்கு வைத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் எல்லாமே வீணா? அதுவும் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகோ, முட்டி ஆபரேஷனுக்குப் பிறகோ தசை சோர்ந்து கிடந்தால், மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைத்துப் பயிற்சியோடு சேர்த்துச் செய்வார்கள். அது வேறு வேலை. வலி அதிகமாக இருந்து பயிற்சியே செய்ய முடியாதவருக்குக் கொஞ்ச நேரம் வலியைத் தணித்துவிட்டுப் பயிற்சி கற்றுக்கொடுப்பதும் உண்டு. மெஷினை மட்டும் வைத்து "பத்து சிட்டிங் வாங்க" என்று அனுப்புவதுதான் பிரச்சினை.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசுவோம். காலையில் எழுந்து தண்ணி, சமையல், மாடு, களை என்று ஓடுகிற நமக்கு, அந்த மெஷினில் படுத்திருக்கிற இருபது நிமிஷம்தான் ஓய்வு. அங்கேதான் யாராவது "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்கிறார்கள். அந்தச் சுகமும் சேர்ந்துதான் இழுக்கிறது. பயிற்சி செய்யச் சொன்னால், வீட்டில் "கை காலை ஆட்டச் சொல்லவா பணம் கட்டினோம்?" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களுக்கு நாம் பதில் சொல்லப் பழக வேண்டும்.

கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். வலி எதனால் என்று டாக்டர் பார்த்தாரா? மெஷின் வைப்பவர் படித்த இயன்முறை சிகிச்சையாளர்தானா? வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்களா? குணமாகாவிட்டால் எத்தனை நாளில் நிறுத்துவார்கள்? பெரிய அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். எங்கே இருக்கிறது என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், புற்றுநோய்க் கட்டி உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவருக்குச் சூடு தெரியாமல் புண் ஆகலாம். உள்ளே பிளேட் வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்; சில சூட்டு மெஷின்கள் அங்கே ஆகாது.

இடுப்பு வலியோடு கால் விழுந்து போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது அல்லது வராமல் நிற்பது, பிறப்புறுப்புப் பகுதி மரத்துப் போவது – இவை வந்தால் மெஷினுக்கும் வேண்டாம், எண்ணெய்க்கும் வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு தீர்மானம் போட வேண்டுகிறோம். சிகிச்சையாளரிடம் பயிற்சி கற்று வந்த உறுப்பினர்கள், சேமிப்பு வசூலுக்கு முன் பத்து நிமிஷம் அவரவர் பயிற்சியை அங்கேயே செய்யட்டும். வீட்டில் கிடைக்காத பத்து நிமிஷத்தைக் குழுவில் எடுத்துக்கொள்வோம். கடன் கேட்டு வருகிற அக்காவை "வீண் செலவு" என்று யாரும் வாயடைக்க வேண்டாம். அவர் வலி நிஜம். அந்த நாலு கேள்வியையும் அவரோடு உட்கார்ந்து கேட்டுப் பார்ப்போம்.