மூட்டு மாற்றுச் சிகிச்சையும் அதன் பின்னும்



தலவாக்கலைப் பகுதியின் தேயிலை மலைகளில் வாழ்வோருக்கு முழங்காலின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் லயத்துப் படிகளில் இறங்க வேண்டும். பிரட்டுக் களத்துக்கு நடக்க வேண்டும். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, மழையில் வழுக்கும் சரிவிலே ஏறிக் கொழுந்து பறிக்க வேண்டும். இவ்வாறு முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த தாய்மார் பலர், வேலையிலிருந்து ஓய்வு பெறுகின்ற நாளில் மூட்டு வலியோடுதான் வீடு திரும்புகின்றனர்.

என் தமக்கையாரும் அவர்களுள் ஒருவர். அவர் பறித்த கொழுந்தின் கூலியிலேதான் நான் படித்துப் பட்டம் பெற்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய வலது முழங்காலில் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. நான் வைத்தியன் அல்லன். ஒரு பாடசாலையின் அதிபர். ஆயினும் அச்சிகிச்சையின் பின்னர் நான் செய்த ஒரு பிழையைப் பிறர் செய்யாதிருக்க வேண்டும் என்னும் எண்ணத்தினாலேயே இன்று உங்கள் முன் பேச வந்துள்ளேன்.

மூட்டு மாற்றுதல் என்பது யாது? எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்துபோனால், எலும்போடு எலும்பு உராய்கிறது. தேய்ந்த பரப்பை மெல்லியதாகச் சீவி நீக்கி, தொடையெலும்பின் முனைக்கு உலோக உறையும், கீழெலும்பின் மேல் உலோகத் தட்டும் பொருத்தி, இரண்டுக்கும் இடையில் பொலித்தீன் இனத்தைச் சேர்ந்த உறுதியான வழுக்குத் தகட்டை வைக்கின்றனர்.

இக்கலை எளிதில் கைவந்ததன்று. இங்கிலாந்தின் றைற்றிங்டன் வைத்தியசாலையில் பணியாற்றிய ஜோன் சார்ண்லி என்னும் நிபுணர், 1950களின் பிற்பகுதியில் இடுப்பு மூட்டுக்கு டெஃப்லோன் என்னும் பொருளைப் பயன்படுத்தினார். முதலில் நோயாளர் மகிழ்ந்தனர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அப்பொருள் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியிருந்த தசையைப் புண்படுத்தின. சார்ண்லி தம் தோல்வியை மறைக்கவில்லை. அந்நோயாளருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்தார். அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்தி, அதன் தீங்கைச் சோதித்தும் பார்த்தார். 1962 நவம்பரில் பொலித்தீன் வகையொன்றைக் கொண்டு அவர் செய்த இடுப்பு மூட்டே இன்றைய முறைக்கு அடிப்படையாயிற்று. அறையின் காற்றைத் தூய்மைப்படுத்தியும் வேறு முறைகளைக் கைக்கொண்டும், நூற்றுக்கு ஏழளவில் இருந்த கிருமித் தொற்றை ஒன்றுக்கும் கீழே கொணர்ந்தார்.

இன்றைய பயன் எவ்வாறு? பல நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து, 2019 இல் லான்செற் சஞ்சிகையில் வெளியான ஆய்வுகளின்படி, மாற்றிய முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 82உம், இடுப்பு மூட்டுகளில் 58உம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன. ஆயினும் முழங்கால் மாற்றியோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஓரளவு வலி எஞ்சி நிற்கிறது. இதனையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

ஏற்படக்கூடிய இடர்கள் சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவது கிருமித் தொற்று. உலோகத்தின் மீது கிருமிகள் படலமாகப் படிந்துவிட்டால், மருந்து அவற்றை எளிதில் அணுகாது. ஆகவே காலில் ஆறாத புண்ணோ, சொறிந்து சீழ்ப்பிடித்த அட்டைக்கடியோ, சொத்தைப் பல்லோ, கட்டுக்கடங்காத நீரிழிவோ இருப்பின், அதனை வைத்தியரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். புகையிலையையும் விட வேண்டும். அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

இரண்டாவது, கால் நாளங்களில் இரத்தம் உறைதல். கெண்டைக்கால் வீங்கி நொந்தால், எண்ணெய் தேய்த்து நீவுவது நம் வழக்கம். அதனை ஒருபோதும் செய்யாதீர்கள். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறலோ நெஞ்சு நோவோ கண்டால், பொழுது விடியட்டும் என்று லயத்தில் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். காய்ச்சல் வந்தாலும், காயம் சிவந்து நீர் கசிந்தாலும் அன்றே காட்டுங்கள்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், வைத்தியர் அனுமதிக்கும் வரை தாழ்ந்த பலகையில் அமர்வதையும், குந்துவதையும், கால்மேல் கால் போடுவதையும் தவிர்க்க வேண்டும், மூட்டு நழுவக்கூடும்.

மூன்றாவது இடர் மூட்டு விறைத்துப்போதல். என் பிழை இங்கேதான் நிகழ்ந்தது. சிகிச்சைக்கு மறுநாளே அக்காவை எழுப்பி நடக்கவைத்தனர். நாள்தோறும் முழங்காலை மடக்கி நீட்டவும் கற்பித்தனர். வீடு வந்தபின், மடக்கும்போது அவர் கண்ணீர் விடுவதை என்னால் காணப் பொறுக்கவில்லை. "வாழ்நாளெல்லாம் மலை ஏறிய கால் அக்கா, இனியாவது சும்மா கிடக்கட்டும்" என்றேன். "தம்பி படித்தவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று அவரும் கட்டிலிலேயே கிடந்தார். பயிற்சியும் நின்றது, குறித்த நாளில் சிகிச்சை நிலையத்துக்குச் செல்வதும் தவறியது. ஆறு வாரத்துக்குப் பின் பார்த்தபோது முழங்கால் பாதியளவுகூட மடங்கவில்லை. மீண்டும் மயக்க மருந்து கொடுத்து, மூட்டை வளைத்துவிட நேர்ந்தது. வைத்தியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வலிக்கு மாத்திரை தந்திருந்தோமே, அதைக் கொடுத்துவிட்டு மடக்கச் சொல்லியிருக்கலாமே" என்றார். அச்சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை.

இன்று அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி ஏறுகிறார். இரவில் நிம்மதியாக உறங்குகிறார். ஆனால் அடுப்படியில் தரையிலே அமர அவரால் இயலாது. நன்கு பயிற்சி செய்தவர்க்கும் மாற்றிய முழங்காலால் குந்துதல் அரிதே. எனவே சத்திரசிகிச்சைக்கு முன்னரே வீட்டை ஆயத்தப்படுத்துங்கள்: உயரமான நாற்காலி, மலசலகூடத்தில் அமர்வதற்கு ஓர் ஆசனம், படியோரத்தில் ஒரு கைப்பிடி. எத்தனை நாள் பயிற்சி, எப்போது மறுபடி வர வேண்டும், எவ்வேலையைச் செய்யலாம், எதனைச் செய்தலாகாது என்பவற்றையெல்லாம் கூச்சமின்றி வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாய்க்கு எழுதத் தெரியாவிடின், பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.

நேயர்களே, உழைத்துத் தேய்ந்த காலுக்கு ஓய்வு கொடுக்க விரும்புவது அன்புதான். ஆனால் புதிய மூட்டு அசைவினாலேயே பயன்படும். உங்கள் தாயோ தமக்கையோ இச்சிகிச்சை பெற்று வீடு திரும்பினால், நாள்தோறும் அருகிலே அமர்ந்து, "இன்னும் ஒரு முறை மடக்குங்கள்" என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய சொல் அதுவே.