ஜேம்ஸ்டவுன்: எழுதியவரும் எழுதப்பட்டவரும்



வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலைபெற்ற முதற் குடியேற்றமாகிய ஜேம்ஸ்டவுனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இப்பொருளை நான் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கு வாழ்ந்த பவ்ஹாட்டன் பேரரசனிடம் ஜான் ஸ்மித் என்னும் ஆங்கிலேயன் சிறைப்பட்டான். அவன் தலையை நொறுக்க ஓங்கிய வேளையில் அரசன் மகள் போக்கஹாண்டஸ் குறுக்கே விழுந்து காத்தாள் என்பது கதை. பள்ளி நாளில் இதைச் சிறுவர் நூலொன்றில் படித்து நெகிழ்ந்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் என் வகுப்பிலும் சுவைபடச் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "அம்மா, இதைப் பற்றி அந்தப் பெண் என்ன சொன்னாள்?" என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. அவ்வினாவின் பின்னே சென்று நான் கண்டவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

1606ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் உரிமைப் பட்டயம் பெற்ற வர்ஜீனியா கும்பினி, அவ்வாண்டு டிசம்பரில் மூன்று கப்பல்களை அனுப்பியது. 1607 மே மாதத்தில் நூற்று நால்வர் ஆற்றோரத்தில் இறங்கி, மரக்கழிகளை நட்டு முக்கோணக் கோட்டை அமைத்தனர். அவர்களுள் பெண் ஒருவர்கூட இல்லை. ஏறத்தாழப் பாதிப் பேர் உழைத்துப் பழகாத உயர்குடியினர். தேர்ந்த இடமோ சதுப்பு நிலம், குடிநீரோ உவர்நீர். எட்டுத் திங்களுக்குள் எஞ்சியோர் முப்பத்தெண்மர்.

வந்தவர்கள் சோம்பேறிகள், ஆதலால் பட்டினி கிடந்தனர் என்று பழைய நூல்கள் எழுதின. ஆனால் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தோர் 1998இல் வேறொன்றைக் கூறினர். 1606 முதல் 1612 வரை அப்பகுதியை வாட்டிய வறட்சி, அதற்கு முந்தைய பல நூற்றாண்டுகள் காணாத கொடிய வறட்சி. அப்படியானால், சோளம் தர மறுத்த பவ்ஹாட்டன் மக்களின் வீட்டிலும் சோளம் குறைவாகவே இருந்திருக்கும். எழுதியவர்கள் தம் பசியை எழுதினார்கள். அண்டை வீட்டின் பசியை எழுதவில்லை.

1609ஆம் ஆண்டுக் குளிர்காலம் 'பட்டினிக் காலம்' என்றே பெயர் பெற்றது. கோட்டைக்குள் இருந்த சில நூறு பேருள் அறுபதுபோல் எஞ்சினர். பிணத்தையும் தின்றனர் என்று அந்நாளில் தலைமை வகித்த ஜார்ஜ் பெர்சி எழுதிவைத்தார். அதை மிகையென்று ஐயுற்றோர் உண்டு. 2012இல் அகழ்ந்தபோது பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டையோடு கிடைத்தது. அதில் கத்தி வெட்டுகள் இருந்தன. ஆய்வாளர்கள் அவளுக்கு 'ஜேன்' என்று பெயரிட்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இனி, போக்கஹாண்டஸிடம் வருவோம். ஸ்மித் சிறைப்பட்டது 1607 டிசம்பரில். மறு ஆண்டே அச்சேறிய அவருடைய முதல் நூலில், அரசன் மகள் தம் உயிரைக் காத்த நிகழ்ச்சி இல்லை. அது அச்சில் வருவது 1624இல். அப்போது போக்கஹாண்டஸ் இறந்து ஏழாண்டுகள் ஆகிவிட்டன. உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல அவள் இல்லை.

1613இல் ஆங்கிலேயர் அவளைச் சூழ்ச்சியால் கவர்ந்து பிணையாக வைத்தனர். சிறையிருப்பில் அவளுக்குத் திருமுழுக்கு நிகழ்ந்தது. ரெபெக்கா எனப் பெயர் மாறியது. 1614இல் புகையிலை பயிரிட்ட ஜான் ரால்ஃப் அவளை மணந்தார். தாம் ஏன் அவளை மணக்க விழைகிறார் என்பதை விளக்கி ரால்ஃப் எழுதிய நீண்ட மடல் இன்றும் உள்ளது. அவள் ஏன் இசைந்தாள் என்பதற்கு அவள் எழுதிய ஒரு வரியும் இல்லை. 1616இல் இலண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டாள். 1617 மார்ச்சில், ஊர் திரும்பும் வழியில் கிரேவ்சென்டில் இறந்தாள். வயது ஏறத்தாழ இருபத்தொன்று.

இவ்விடத்தில் என் நெஞ்சில் பாரி மகளிர் தோன்றுகின்றனர். தந்தையை இழந்து, குன்றை இழந்து நின்ற அவர்களின் குரல் புறநானூற்றின் 112ஆம் பாடலாக நம்மிடம் நிற்கிறது. அப்பாடலைத் தொகுத்து வைத்த கைகளுக்கு நாம் கடன்பட்டவர்கள். போக்கஹாண்டஸுக்கு அத்தகைய கை வாய்க்கவில்லை. அவள் இனத்தாருள் ஒரு பிரிவினராகிய மட்டபோனி மக்களின் வாய்மொழி மரபு மட்டும் 2007இல் நூலாயிற்று. அது கூறும் கதை ஸ்மித் கூறும் கதையன்று.

அதே ரால்ஃபின் கை எழுதிய இன்னொரு மடலும் உண்டு. 1619 ஜூலை இறுதியில் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் குடியேறியோரின் மன்றம் முதன்முதலாகக் கூடியது. மக்களாட்சியின் நாற்றங்கால் என்று அதைப் புகழ்வோர் பலர். சில வாரங்களில், ஆகஸ்டு இறுதியில், அருகிலுள்ள பாயின்ட் கம்ஃபர்ட் துறையில் ஒரு கப்பல் நின்றது. போர்ச்சுகீசிய அடிமைக் கப்பலிலிருந்து பறித்த இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கரை உணவுப் பொருளுக்கு ஈடாகக் கொடுத்தது. இதை எழுதிவைத்த ரால்ஃப், எண்ணிக்கையைக் குறித்தார்; பெயரைக் குறிக்கவில்லை. அடுத்து வந்த 'டிரஷரர்' கப்பலில் வந்தவள் ஒருத்தியின் பெயர் மட்டும் 1625ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 'ஏஞ்சலோ' என்று பதிவாகியுள்ளது. 1635ஆம் ஆண்டு வர்ஜீனியா நிலப்பதிவு ஒன்றில் 'டோனி, கிழக்கிந்தியன்' என ஒரு பெயர் வருகிறது. எந்த ஊரான், எந்த மொழி பேசினான் என்று அப்பதிவு சொல்லவில்லை.

புகையிலைக்காக நிலம் மேலும் மேலும் பறிபோகவே, 1622 மார்ச் 22ஆம் நாள் ஒப்பெச்சன்கனௌ தலைமையில் அம்மண்ணின் மக்கள் தாக்கினர். மாண்ட ஆங்கிலேயர் 347 பேர் என்று கணக்குண்டு. அதற்கு முன்னும் பின்னும் மாண்ட அம்மக்களுக்கு அத்தகைய கணக்கில்லை.

அன்பர்களே, ஏடுகளைப் பொய்யென்று தள்ளுமாறு நான் கூறவில்லை. பெர்சியின் ஏட்டை மண்ணுக்கடியில் கிடந்த எலும்பே மெய்ப்பித்தது. ஏட்டைப் படிக்கும்போது, எழுதுகோல் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். இக்கேள்வியை நான் கற்றது நூலிலிருந்து அன்று, என் மாணவியிடமிருந்து. இப்போது அக்கதையை வகுப்பில் சொல்லும்போது 1608, 1624 என்னும் இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டே தொடங்குகிறேன்.

இவ்வட்டம் பத்தாண்டு நிகழ்ச்சிகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறது. பேசியோர் பெயரெல்லாம் அதில் உண்டு. கூட்டந்தோறும் பாய் விரித்தவர், விளக்கேற்றி வைத்தவர், தேநீர் தந்தவர் பெயரும் அதில் உண்டா என்று, விழா முடிந்ததும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இல்லையேல் இந்த ஆண்டிலிருந்தாவது எழுதத் தொடங்குங்கள்.