உடலினுள் ஓர் உருக்குக்கூடம்

(ஓசூரில் தொழிலாளர் நடுவே ஆற்றிய பொழிவு)



என் தெருவில் வாழும் வார்ப்படத் தொழிலாளி ஒருவர், ஓர் இரவு கால் பெருவிரல் வீங்கி நெருப்பாய் எரிய, போர்வை பட்டாலும் பொறாது கதறினார். அத்திப்பள்ளி கடந்து பெங்களூர் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றனர். ஆங்கிலத்தில் ஒரு சீட்டும், கன்னடத்தில் இரண்டொரு சொல்லும் கிடைத்தன. அவர் விளங்கிக்கொண்டது 'பருப்பு ஆகாது' என்பது ஒன்றே. அன்று தொட்டு அவ்வீட்டில் கொள்ளும் இல்லை, அவரையும் இல்லை. பணி முடிந்து பருகும் பீர் மட்டும் நின்றபாடில்லை. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். அச்சீட்டைத் தமிழில் சொல்ல மாட்டேனாயின் நான் கற்ற தமிழ் எதற்கு?

நம் உயிரணுக்களில் மரபுச் செய்தியைத் தாங்கி நிற்பது கருக்காடி. அஃது ஒரு நீண்ட மணிக்கோவை. அதன் மணியை 'நியூக்கிளியோடைடு' என்பர். நான் கருவலகு என்பேன். உழவர் கூறும் தழைச்சத்து அடங்கிய மூலம் ஒன்று, ஐந்து கரிம அணுக்கள் கொண்ட சருக்கரை, பாசுவரக் கூறு ஆகிய மூன்றும் இணைந்ததே அது. மூலங்களுள் பியூரின், பிரிமிடின் என இரு குடிகள் உள.

கருவலகைப் பெற உடலுக்கு வழி இரண்டு. ஒன்று, புதிதாய்க் கட்டுதல். பெரும்பாலும் ஈரலில், சருக்கரைப் பாசுவரத்தை அடித்தளமாக்கி, புரதக் கூறுகள் முதலியவற்றினின்று கரிமமும் தழைச்சத்தும் ஒட்ட ஒட்டப் பத்துப் படிகளில் பியூரின் உருவாகிறது. செலவு மிக்க வேலை. மற்றதை உங்களுக்கு நான் சொல்லவே வேண்டா. உடைந்த இரும்பை நீங்கள் எறிந்தா விடுகிறீர்கள்? மீண்டும் உலையிலிட்டு உருக்குகிறீர்கள். உடலும் சிதைந்த கருவலகுகளின் பியூரினைப் பொறுக்கி, ஒரே படியில் மீளக் கருவலகாக்குகிறது. அதனைச் செய்யும் நொதி பிறவியிலேயே இல்லாத சிறுவர், தம் உதட்டையும் விரலையும் தாமே கடித்துக் குதறிக்கொள்வர். லெசு, நைகான் என்னும் இருவர் 1964-இல் இந்நோயை விளக்கினர். படித்த அன்று எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

புதிதாய்க் கட்டும் வேலைக்குக் கீரைகளில் உள்ள போலிக் அமிலம் இன்றியமையாதது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற தெலுங்கர் எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் அவ்வமிலத்தைச் செயற்கையாய் ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதே குழு, அவ்வமிலத்தைப்போல் தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் மருந்தையும் படைத்தது. வெறிகொண்டு பெருகும் குருதிப் புற்றணுக்கள் கருவலகின்றித் தடுமாறின. 1948-இல் குழந்தைகள் சிலர்க்கு அந்நோய் சில காலம் தணிந்தது.

இனிக் கழிவுக்கு வருவோம். பிரிமிடின் சிதைந்தால் எளிதிற் கரையும் பொருள்களே மிஞ்சும். பியூரினோ யூரிக் அமிலமாய் முடியும். பெரும்பாலான பாலூட்டிகள் அதனை மேலும் சிதைக்கும் நொதி உடையவை. மாந்தரும் வாலில்லாக் குரங்குகளும் அதனை இழந்துவிட்டனர். ஆகவே சிறுநீரகம் பெரும்பங்கையும் குடல் எஞ்சியதையும் வெளியேற்றியாக வேண்டும். 100 மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ 7 மில்லிகிராமை விஞ்சினால் உப்பு ஊசியாய்ப் படியத் தொடங்கும். குளிர்ந்த கால்விரல் மூட்டு அதற்கு வாய்ப்பான இடம்.

உலையருகே வியர்த்து நீர் குடியாதிருந்தால் சிறுநீர் சுருங்கும். யூரிக் அமிலக் கல்லும் உண்டாகும். பீரில் பியூரின் உண்டு. அதிலுள்ள வெறியமோ அமிலத்தைப் பெருக்கி வெளியேற்றத்தையும் தடுக்கும். ஈரல், குடல் கறியும் இனிப்புப் பானங்களும் ஆகா. பருப்பும் அவரையுமோ இந்நோயை மிகுவிக்கவில்லை என்று 2004-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டிற்று. அமிலம் உண்டாவதையே தடுக்கும் அலோபியூரினால் என்னும் மருந்தும் உண்டு. எலியான், இட்சிங்சு இருவரின் ஆய்வில் விளைந்தது. 1988-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். அதனை மருத்துவர் சொற்படியே உண்ணல் வேண்டும்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அன்பர் வீட்டில் கொடுத்தேன். அவர்தம் துணைவியார் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்து, என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ கொள்ளு இரசம் வைக்கலாங்களா ஐயா?"